இரண்டாம் பொத்தான்

பள்ளித்தோட்டு வள்ளங்களி என்கிற படகுப் பந்தயத்துக்கு மைக் கட்டுவதும் நான்தான், கூவுவதும் நான்தான். எங்கள் பக்கத்தில் தண்ணீர் முழுசாக இறங்குவதற்கு முன்னால் ஓணம் வந்துவிடும். ஓணம் வந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வள்ளங்களி வரும். வீட்டுக்குள் புகுந்த சேறு காய்ந்திருக்காது, நனைந்த பாயைக் காயப்போட இடம் இருக்காது, ஆனாலும் இரண்டு கரைக்காரர்களும் துடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றுவிடுவார்கள். நம் ஆட்களுக்கு எதில் சலிப்பு வந்தாலும் இதில் வராது என்று நான் வருஷா வருஷம் மைக்கில் சொல்கிறேன். சொல்லி முடித்துவிட்டுக் கொட்டாவி விடுகிறேன்.

முடிவுக் கோட்டில் ஒரு கம்பம் நிற்கும். நீளமான கமுகு மரங்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, கால்வாய்ச் சேற்றில் ஆழமாக இறக்கி ஊன்றியது. அதன் உச்சியில் குறுக்குப் பலகையில் நின்று காமரா பிடிப்பது சுதர்மனின் வேலை. எங்கள் ‘ஓடி’ வகைப் பந்தய வள்ளங்கள் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு வரும்போது கரையில் நிற்கிறவன் கண்ணுக்கு அவனவன் வள்ளம்தான் முதலில் தெரியும். அப்புறம் கைகலப்பு. சுதர்மன் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டால் இரண்டு தரப்பும் வாயை மூடிக்கொள்ளும். கல்யாண வீடுகளில் அவனைக் கூப்பிடுவதே ‘கம்பத்து சுதர்மன்’ என்றுதான். அந்தப் பேரில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், வேறு என்ன சொத்து அவனுக்கு.

போன வருஷம் யாரோ விருந்தாளியை ஏற்றிக்கொண்டு ஒரு விசைப்படகு கோட்டின் குறுக்கே பாய்ந்தது. அலை அடித்தது, கம்பம் ஆடியது. சுதர்மன் தண்ணீரில் விழுந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். கீழே கட்டியிருந்த தன் சொந்த வள்ளத்தின் விளிம்பில் இடுப்பு அடிபட விழுந்தான். அந்த வள்ளத்தில் அவன் மனைவி லதிகா உட்கார்ந்திருந்தாள்.

முதுகெலும்பில் இரும்புத் தட்டு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். கும்பம், அதாவது மாசி மாசம் வரை கட்டில். அதற்கப்புறம் சுவரைப் பிடித்து நடை. லதிகாவுக்கு சங்கனாச்சேரிச் சந்தையில் டி.வி., மொபைல் பழுதுபார்க்கும் கடையில் வேலை. விடிந்ததும் கஞ்சி வைத்து, பயறு தாளித்து, அவனைக் குளிப்பாட்டி, பாத்திரம் கழுவி, முதல் படகைப் பிடித்துப் போவாள். மாலைப் படகில் வருவாள். படகில் அவள் உட்கார்ந்துகொண்டே தூங்குவதை இந்தக் கரையில் பார்க்காதவர் கிடையாது. இறங்க வேண்டிய கடவு வந்தால் யாராவது தட்டி எழுப்புவார்கள்.

கர்க்கடகம் என்கிற ஆடி மழைக்கு முன்னால் ஒருநாள் வக்கச்சன் அவர்கள் வீட்டுக்கு வந்தான். வாத்து மேய்க்கிறவன், வள்ளங்களி கமிட்டிக்கு செக்ரட்டரி. மைக் வாடகை பேச நானும் கூட இருந்தேன். லதிகா கட்டன் சாயாவும் வேகவைத்த கப்பைக்கிழங்கும் கொண்டுவந்து வைத்தாள். வக்கச்சன் கிழங்கை மிளகாயில் தொட்டுத் தொட்டுத் தின்றானே தவிர விஷயத்துக்கு வரவில்லை.

“என்ன வக்கச்சா, வாத்துக்கு நோவா?” என்றான் சுதர்மன்.

“வாத்துக்கு ஒண்ணுமில்ல. மனசுல ஒண்ணும் வச்சுக்காத சுதர்மா. இந்த வருஷம் கம்பத்துக்கு வேற ஆள் பார்க்கலாம்னு கமிட்டியில ஒரு பேச்சு.”

“யாரு அந்த ஆளு?”

“டவுன்ல ஒரு பையன். பறக்குற காமரா வச்சிருக்கானாம்.”

“மழைக்காத்துல அது எங்க பறக்கும்? நேரா உன் வாத்துக் கூட்டத்துல போய் இறங்கும். நான் ஏறுவேன். மூணு மாசம் இருக்குல்ல, சரியாயிரும்.”

அடுக்களையிலிருந்து லதிகாவின் குரல் வந்தது. “கொல்லைப்பக்கம் போறதுக்கே என் தோளு வேணும். கம்பத்துல ஏறப் போறாராம்.”

“எடீ, ஆம்பளைங்க பேசிட்டிருக்கோம்.”

“பேசுங்க. விழுந்தா தூக்குறது நான்தானே, அதான் கேட்டேன்.” அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். “வக்கச்சன் சேட்டா, காமரா மட்டும் மேல ஏறட்டும். ஆளு கீழ இருக்கட்டும். பழைய காமராதான், ஆனா பக்கத்துல ஒரு துளை இருக்கு. அது வழியா ஒயர்ல சொன்னா கேக்கும்.”

“யாரு சொல்றது?”

“ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கு. உள்ளங்கை அளவு. அத நான் பழக்கி எடுக்கறேன்.”

“நான் சொல்லி நீயே கேட்டதில்ல,” என்றான் சுதர்மன். “நீ சொல்லி அது கேக்கப் போகுதாக்கும்.”

வக்கச்சன் சிரித்தான். சிரித்த வாயோடு சரி என்றும் சொல்லிவிட்டான். ஆனால் ஒன்று சொன்னான்: இந்த ஒரு வருஷம் பார்ப்போம், சரிப்படாவிட்டால் கம்பம் கைமாறும். சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனான். கம்பம் போனால் பேர் போகும், பேர் போனால் கல்யாண வேலையும் போகும். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்ததுதான்.

கர்க்கடக மழையில் தண்ணீர் அவர்கள் வாசற்படி ஏறி உள்ளே வந்தது. சந்தையும் முங்கியதால் லதிகாவின் கடைக்கு விடுமுறை. கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தி, அடுப்பையும் அரிசியையும் அதன் ஒரு மூலையில் ஏற்றி, புருஷனும் பெஞ்சாதியும் அதன் மேலேயே குடியிருந்தார்கள். நான் வள்ளத்தில் போகிற வழியில் வாசலில் நிறுத்தி, தலையை உள்ளே விட்டு விசாரிப்பேன். கட்டில் நடுவில் காமரா. அதன் முன்னால் ஒரு பிஸ்கட் டப்பா, டப்பாவுக்குள் அந்தச் சின்னக் கம்ப்யூட்டர். பேட்டரி விளக்கு வெளிச்சத்தில் லதிகா குனிந்து எதையோ சூடுவைத்து ஒட்டிக்கொண்டிருப்பாள். சுதர்மன் மெத்தையில் சாய்ந்து மழையைத் திட்டிக்கொண்டிருப்பான்.

“கேட்டுச்சா?” என்று நான் கேட்பேன்.

“கல்லு மாதிரி உக்காந்திருக்கு,” என்பான் சுதர்மன், ஒரு திருப்தியோடு.

அவளுக்கு அழுகை வரும் நிலை. ஒருநாள் டப்பாவைத் தூக்கித் தண்ணீரில் எறியப்போய், அப்புறம் மடியிலேயே வைத்துக்கொண்டாளாம். பிறகுதான் கோளாறு எங்கே என்று பிடிபட்டது. அவள் புருஷனுக்கு விளக்கிய அன்று நான் வாசலில் வள்ளத்தில் இருந்தேன்.

“இது தலைகீழா கேக்குற சாதி சேட்டா. நம்ம கம்ப்யூட்டர் கரன்ட்ட ஏத்தினா ‘உண்டு’ன்னு அர்த்தம், இறக்கினா ‘இல்ல’. இந்தக் காமராவுக்கு இறக்கினாத்தான் ‘உண்டு’. நான் இத்தன நாளா ‘உண்டு உண்டு’ன்னு கத்தியிருக்கேன், அது ‘இல்ல இல்ல’ன்னு கேட்டுக்கிட்டு சும்மா இருந்திருக்கு. ஒவ்வொரு சொல்லையும் புரட்டிப்போட்டு அனுப்பணும்.”

“சுவிட்ச தலைகீழா மாட்டின வீடு மாதிரி.”

“அதேதான்.”

“இல்ல, உங்க அம்மா மாதிரி. வேண்டாம் வேண்டாம்பாங்க, இலையில போட்டா ரெண்டு தடவ வாங்குவாங்க.”

அவள் அவன் தொடையில் ஒன்று வைத்தாள். பிறகு டப்பாவில் இருந்த பொத்தான்களில் ஒன்றை அழுத்தினாள். காமராவின் கண் முனகிக்கொண்டே முன்னால் நீண்டது. இன்னொன்றை அழுத்தினாள், பின்னால் போனது. சுதர்மன் வாயைத் திறந்துகொண்டு பார்த்தான். ‘இன்னொரு தடவ’ என்றான். இன்னொரு தடவை செய்தாள். தண்ணீர் சூழ்ந்த வீட்டில் அந்த இரண்டு பேரும் குழந்தைகள் மாதிரிச் சிரித்தார்கள். அந்த வருஷத்தில் லதிகா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆனால் அதில் ஒரு சங்கடம் இருந்தது. படம் பிடிக்கத் தொடங்குவதற்கும் நிறுத்துவதற்கும் அந்தக் காமராவுக்கு ஒரே சொல்தான். ஒருமுறை சொன்னால் தொடங்கும், மறுமுறை சொன்னால் நிறுத்திவிடும். என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று காமராவும் அதே ஒயரில் திருப்பிச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் படித்துக் காட்ட டப்பாவைப் பழக்குவதற்கு லதிகாவுக்கு நேரம் வாய்க்கவில்லை. தண்ணீர் இறங்கியதும் கடை திறந்துவிட்டது.

அதற்குள் சுதர்மன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். கஞ்சி வேண்டாம் என்றான். மீன் கறியில் புளி கூடுதல் என்றான். கடைசியில் கேட்டேவிட்டான்.

“அன்னைக்கு நான் என்ன செய்யணும்? வள்ளத்துல சாமி சிலை மாதிரி உக்காந்திருக்கணுமா?”

மறுநாள் லதிகா கடையிலிருந்து ஒரு பழைய காலிங்பெல் பொத்தானைக் கொண்டுவந்து, நீள ஒயர் போட்டு, அதே தொடங்கு-நிறுத்து சொல்லை அனுப்பும்படி டப்பாவோடு இணைத்து, அவன் கையில் கொடுத்தாள். “நான் சொன்னா மட்டும் அழுத்துங்க,” என்றாள். அவன் அதை மூன்று தடவை அழுத்திப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

வள்ளங்களி அன்று காலையில் வெயில், பிறகு தூறல், மறுபடி வெயில். கம்பத்தின் உச்சியில் ஒரு மரக்கூடு. காமராவைக் கப்பியும் கயிறும் போட்டு, கொடி ஏற்றுவது போல் ஏற்றி அதற்குள் உட்கார வைத்தார்கள். இறக்கி ஏற்றுவது பெரிய பாடு, பேட்டரியும் நாள் முழுக்கத் தாங்க வேண்டும். அதனால் வள்ளங்கள் வழியில் நட்டிருக்கும் இரண்டாம் கொடியைத் தாண்டும்போது தொடங்கி, கோட்டைத் தாண்டியதும் நிறுத்த வேண்டும் என்று ஏற்பாடு. கம்பத்தின் அடியில் அவர்கள் வள்ளம், அதை ஒட்டி என் மைக் வள்ளம். லதிகா டப்பாவை மடியில் வைத்து உட்கார்ந்தாள். சுதர்மன் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் அந்தக் காலிங்பெல்லோடு.

முதல் சுற்றுகள் நன்றாகத்தான் போயின. லதிகா அழுத்தினாள், நிறுத்தினாள். ஒருமுறை அவள் சொல்லி அவன் அழுத்தினான். அவன் முகத்தில் பழைய களை வந்தது. கடந்து போகிற வள்ளங்களிலிருந்து, “என்ன சுதர்மன் சேட்டா, கம்பம் இறங்கி வந்துட்டீங்க?” என்று கிண்டல் செய்தார்கள். “கம்பத்துக்கு நான்தான் முதலாளி, முதலாளி எதுக்கு ஏறணும்?” என்றான்.

கடைசிப் பந்தயம் தெக்கேக்கரைக்கும் வடக்கேத்தோட்டுக்கும். நான் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தேன். இரண்டாம் கொடியை இரண்டும் ஒன்றாகத் தாண்டின. அந்த நேரம் பார்த்துத் தூறல் வலுத்தது. லதிகா பொத்தானை அழுத்திவிட்டு, டப்பா நனையாமல் குடையைச் சாய்த்து அதன் மேல் கவிழ்ந்தாள். நான் பார்த்தேன். சுதர்மன் பார்த்தது அவள் அழுத்தியதை அல்ல, குடையோடு மல்லுக்கட்டுவதை மட்டும்தான். அவன் கட்டைவிரல் இறங்குவதையும் நான் பார்த்தேன். என் வாயில் அப்போது துடுப்புக் கணக்குப் போய்க்கொண்டிருந்தது, நிறுத்த முடியவில்லை.

இரண்டு மூக்கும் ஒன்றாகக் கோட்டுக்குள் புகுந்தன.

நடுவர்களில் ஒருவர் தெக்கே என்றார், ஒருவர் வடக்கே என்றார். கரையில் சத்தம் ஏறியது. ‘படத்தப் பார்ப்போம், படத்தப் பார்ப்போம்’ என்று வக்கச்சன் கையைத் தூக்கிக்கொண்டே வந்தான். காமராவை இறக்கினார்கள். லதிகா சின்னத் திரையைத் திறந்து ஓட்டினாள். மழை, கொடி, தூரத்தில் இரண்டு வள்ளங்கள், அதோடு படம் நின்றுவிட்டது. அவள் மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அங்கேயே நின்றது.

அவள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

“என்ன ஆச்சு?” என்றான் வக்கச்சன்.

சுதர்மன் கையிலிருந்த பொத்தானை மடியில் வேட்டிக்குள் செருகினான். “மெஷின் சரியில்ல,” என்றான். “ஈரம் இறங்கியிருக்கும்.”

லதிகா குடையை மடக்கி ஓரமாக வைத்தாள். ஒரு மாசம் தண்ணீருக்கு மேல் குந்தியிருந்து செய்த பொருளை, அத்தனை பேர் முன்னால் புருஷன் சரியில்லை என்கிறான். எனக்கு அவன் மேல் வந்த ஆத்திரத்தில் மைக்கை அணைத்துவிட்டேன்.

கமிட்டி கூடிப் பேசி, மறுபடி துடுப்புப் போடட்டும் என்று முடிவு செய்தது. நான்தான் அதை அறிவிக்க வேண்டியிருந்தது. துடுப்பின் மேல் தலை கவிழ்த்துக் கிடந்த ஆட்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். தோளில் தோல் உரிந்திருந்தது, சிலருக்குக் கை மடங்கவில்லை. வசவு வந்தது, எனக்கும் மெஷினுக்கும் மெஷினைச் செய்தவளுக்கும். “பொம்பளகிட்ட கொடுத்தா இப்படித்தான்,” என்று தெக்கேக்கரை வள்ளத்திலிருந்து ஒருவன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

வக்கச்சன் எங்கள் வள்ளத்துக்குப் பக்கத்தில் வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். “சுதர்மா, இனி ஒயரும் டப்பாவும் வேண்டாம். இன்னொரு தடவ படம் இல்லன்னா என் தலை கழுத்துல இருக்காது. ஒரு ஆள் மேல நிக்கணும். நிதானமா ஏறுவியா? இல்லன்னா சொல்லு, வேற யாரையாவது ஏத்துறேன். ஆனா யாருக்கும் உன் கை வராது.”

அந்தக் கடைசி வார்த்தை போதும் அவனுக்கு. நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தான். வேட்டியைத் தார்பாய்ச்சினான். கம்பத்தில் கட்டியிருந்த படிக்கட்டையில் ஒரு காலை வைத்தான், கையை மேலே எட்டிப் போட்டான். அடுத்த காலைத் தூக்கும்போது முகம் சுருங்கி, பல்லைக் கடித்தான். இரண்டு படி ஏறிவிட்டான்.

லதிகா கம்பத்திலிருந்து வள்ளத்தின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

“எடீ, என்ன செய்யற?”

“வீட்டுக்குப் போறேன்.”

“இப்பவா?”

“போன வருஷம் கீழ உக்காந்து பார்த்தாச்சு சேட்டா. சத்தம் கேட்டதும் மண்டதான் உடைஞ்சுதுன்னு நெனச்சேன். இன்னொரு தடவ என்னால ஆகாது. மெஷினச் சொன்னீங்க, சொல்லிட்டுப் போங்க, அது மரக்கட்டை. அதுக்காக நீங்க மேல போய் விழணும்னா, அந்த நேரத்துல நான் இங்க இருக்க மாட்டேன். அவ்வளவுதான்.” அவள் குரல் உயரவே இல்லை. காய்கறிக்காரனிடம் விலை சொல்வது போலச் சொன்னாள். முடிச்சு நனைந்து இறுகியிருந்ததால் பல்லால் கடித்து இழுத்தாள்.

சுதர்மன் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி அப்படியே நின்றான். கன்னம் கமுகு மரத்தில் ஒட்டியிருந்தது.

“வக்கச்சா,” என்றான்.

“என்ன?”

“மெஷின் சரியாத்தான் இருந்துச்சு. அவ தொடங்கிட்டா. அவ தொடங்கலன்னு நெனச்சு நான் ரெண்டாவது தடவ அழுத்திட்டேன். அதுல நின்னு போச்சு.”

வக்கச்சன் தலையில் அடித்துக்கொண்டான். “இத்தன பேரு தோளு கழண்டு கிடக்குடா. உன் கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியலயா உன்னால?”

“முடியல,” என்றான் சுதர்மன்.

நானும் வக்கச்சனுமாக அவனை இறக்கினோம். நாற்காலியில் உட்கார்ந்ததும் வேட்டி மடியிலிருந்து காலிங்பெல்லை எடுத்தான். ஒயரை டப்பாவிலிருந்து பிடுங்கி, சுருட்டி, வள்ளத்தின் மூக்குப் பக்கம் எறிந்தான். லதிகா அவிழ்த்த கயிற்றை மறுபடி கட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மழைதான் நின்றிருந்ததே.

“பொத்தான் ஒண்ணு போதும்,” என்றான் வக்கச்சன். “அது இவ கையில இருக்கட்டும். வேற யாரும் தொடக் கூடாது.”

காமரா மறுபடி மேலே போனது. வள்ளங்கள் மறுபடி தொடக்கத்துக்குப் போயின. நான் அறிவித்தேன்: மெஷினில் குற்றமில்லை, கீழே ஒரு கைப்பிழை. யார் கை என்று சொல்லவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தாலே போதும்.

இரண்டாம் பந்தயத்தில் வடக்கேத்தோட்டு ஆட்களுக்குக் கை விட்டுப்போயிற்று. தெக்கேக்கரை ஒன்றரை வள்ள நீளம் முந்தி வந்தது. குருடனும் சொல்லலாம். படத்தை யாரும் கேட்கவில்லை. தோற்றவர்கள் கரையில் மல்லாந்து கிடந்தார்கள், ஜெயித்தவர்களுக்குக் குரவையிடத் தெம்பில்லை. வக்கச்சன் தன் வள்ளத்தில் ஏறும்போது திரும்பி, “அடுத்த வருஷம் லதிகா வந்தா போதும்,” என்று சொல்லிவிட்டுப் போனான். கோபத்தில் சொன்னானா சாதாரணமாகச் சொன்னானா தெரியவில்லை. களைப்பில் இருக்கிற மனுஷன் சொல்வது எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அவர்கள் வள்ளத்தை என் எஞ்சின் வள்ளத்துக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. பாதி வழியில் சுதர்மன், “படம் வந்திருக்கான்னு பாரேன்,” என்றான். லதிகா காமராவை எடுத்து ஓட்டினாள். நானும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். கொடி, வள்ளங்கள், கோடு, எல்லாம் கண்ணாடி போல் வந்திருந்தது. திரையின் கீழ்மூலையில், கம்பத்தின் அடியில், சின்னதாக ஒரு வள்ளமும் விழுந்திருந்தது. அதில் ஒரு பெண் மடியில் டப்பாவோடு குனிந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் ஓர் ஆள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“யாருடி அது?” என்றான் சுதர்மன்.

“நீங்கதான்.”

அத்தனை வருஷமாகப் படம் எடுத்தவன், இந்தப் பந்தயத்தின் படத்துக்குள் அவன் விழுந்தது அன்றைக்குத்தான். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். திரும்ப ஓட்டச் சொன்னான். வள்ளங்கள் வந்தன, போயின, அந்த ஆள் அசையவில்லை.

“வேலை பாக்குற ஆள் மாதிரியே இல்லையேடி,” என்றான்.

“இல்ல,” என்றாள் லதிகா. “விழுற ஆள் மாதிரியும் இல்ல.”

அவன் வெகுநேரம் காமராவை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தபோது லதிகா அவன் முழங்காலில் தலை சாய்த்துத் தூங்கியிருந்தாள். கடவு வந்ததும் எழுப்பலாம் என்று அவன் எனக்குச் சைகை காட்டினான். நான் எஞ்சினை மெதுவாக்கினேன்.